யாரும் பார்க்காத பெனால்டி

எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியைப் பற்றி ஐந்து பாகமாக ஒரு தொடர் யூடியூபில் வரப்போகிறது என்று தெரிந்ததும், சேர்ந்து பார்ப்பதற்கு அப்பாவின் உரக்கடைதான் இடம் என்று தானாகவே முடிவாகிவிட்டது. பூச்சிமருந்துக் கம்பெனிக்காரர்கள் விளம்பரம் ஓட்டுவதற்காகக் கொடுத்த பெரிய டிவி அங்கே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வியாபாரமும் கிடையாது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, யூரியா மூட்டைகளின் மேல் ஆளுக்கொரு இடம் பிடித்து உட்கார்ந்தோம். நான் பழனிசெட்டிபட்டியிலிருந்து ஸ்கூட்டரில் வந்துவிடுவேன். என் கணவருக்குக் கிரிக்கெட்டைத் தவிர வேறெதுவும் விளையாட்டாகவே தெரியாது என்பதால் அவரைக் கூப்பிடவில்லை.

முதல் பாகத்தில் யாரும் கால்பந்தைப் பார்க்கவில்லை. அவரவர் தங்களைத்தான் தேடினார்கள். ஆட்டத்தைக் காட்டும்போது எல்லோருடைய கண்ணும் ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் கேலரியில் மேய்ந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் தன் வழுக்கைத் தலை மூன்று நொடி வந்ததற்காக டிவியை நிறுத்தி, மறுபடி ஓட்டி, போனில் படம் பிடித்து மனைவிக்கு அனுப்பினார். வருசநாட்டிலிருந்து ஒரு ஆட்டம் விடாமல் பஸ் ஏறி வரும் ஒரு விவசாயி உண்டு. வருசநாட்டு அண்ணன் என்றுதான் அவரை எல்லோரும் சொல்வோம். அவர் திரையில் எங்கேயும் வரவில்லை. தொடர் சரியில்லை என்று முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

குறைகள் எங்களுக்கும் இருந்தன. எதற்கெடுத்தாலும் மலையைக் காட்டினார்கள். மலையைக் காட்டினால் புல்லாங்குழல் ஊதினார்கள். மேலேயிருந்து டிரோனில் எடுத்த மைதானத்தை எங்களில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. எல்லாவற்றையும்விட, நாங்கள் பேசிய தமிழுக்குக் கீழே தமிழிலேயே எழுத்துப் போட்டிருந்தார்கள். அப்பா பேசியபோதும் போட்டார்கள். கடைக்கு வருகிற விவசாயிகள் யாரும் இதுவரை அப்பா பேசுவதற்குக் கீழே எழுத்துக் கேட்டதில்லை.

ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ஒருவர் விடாமல் வந்தோம். காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கடைசிப் பாகத்தில் அந்த பெனால்டி வரும். நாங்கள் யாரும் பார்க்காத பெனால்டி. அதை அடித்தவன் என் தம்பி.

இதைப் புரியவைக்க வேண்டுமானால் எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் அணி டைபிரேக்கரில் பெனால்டி அடிக்கப் போகும்போது நாங்கள் பார்ப்பதில்லை. கேலரியில் இருக்கிற அத்தனை பேரும் எழுந்து மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொள்வோம். பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்பதைச் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் திரும்புவோம். அப்படித் திரும்பி நின்றால் எங்களுக்கு எதிரே இருப்பது கம்பம் போகிற சாலை. பஸ்ஸில் போகிறவர்கள், நூற்றுக்கணக்கான பேர் வரிசையாக நின்று தங்களையே வெறித்துப் பார்ப்பதைக் கண்டு மிரண்டு போவார்கள். சில டிரைவர்கள் என்னமோ ஏதோ என்று வேகத்தைக் குறைப்பதும் உண்டு.

இது சாமி சொன்னதோ சாத்திரம் சொன்னதோ இல்லை, காற்று செய்த வேலை. நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு அரையிறுதி ஆட்டம். மேற்கே கணவாயிலிருந்து கிளம்பி வருகிற ஆடிக் காற்று அந்த வருடம் ஆவணியிலும் அடங்கவில்லை. டைபிரேக்கரின் கடைசி அடியில் காற்று மைதானத்து மண்ணையெல்லாம் வாரி கேலரியில் அடித்தது. கண்ணைத் திறக்க முடியாமல் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டோம். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தால் ஜெயித்திருந்தோம். அடுத்த ஆட்டத்தில் காற்றே இல்லை. ஆனால் அப்பா எழுந்து நின்று, "எதுக்கு வம்பு, திரும்பிக்கங்கப்பா" என்றார். அன்றும் ஜெயித்தோம். அதிலிருந்து அது சட்டமாகிவிட்டது. சட்டத்தைக் காப்பாற்றுகிற வேலை அப்பாவுக்கு. அவர் குரல் கொடுப்பார், நாங்கள் திரும்புவோம். முதுகுக்குப் பின்னால் போனைத் தூக்கிப் படம் எடுத்தாலும் பார்த்த கணக்குதான் என்று போனையெல்லாம் பைக்குள் போடச் சொல்வார். இடையில் தோற்றதும் உண்டு. அப்போதெல்லாம் யாரோ ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறார்கள் என்று காரணம் கண்டுபிடித்துக்கொண்டோம்.

படம் எடுக்க வந்த பெண் சென்னைக்காரி. ஒரு பருவம் முழுக்க எங்களோடு சுற்றினாள், எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறாள். முதல் தடவை இந்தப் பழக்கத்தைப் பார்த்ததும் வாயைப் பிளந்துவிட்டாள். ஏன் திரும்புகிறீர்கள் என்று கேட்டாள். சொன்னோம். அடிக்கிற பையனுக்கு இது எப்படி இருக்கும் என்று கேட்டாள். எங்களுக்கு அந்தக் கேள்வியே இருந்ததில்லை. எதையும் உரசிப் பார்க்காமல் விடாத ஆள் நான். தேனியில் ஒரு வங்கியின் நகைக்கடன் பிரிவில் உட்கார்ந்து தினம் அதைத்தான் செய்கிறேன். எனக்கே அது தோன்றியதில்லை என்பது உறுத்தியது.

அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டம் மதுரை அணியோடு எங்கள் மைதானத்தில்தான் நடந்தது. ஒன்றுக்கு ஒன்று. டைபிரேக்கரில் எல்லோரும் அடித்து முடிக்கக் கடைசி ஆளாகத் தம்பி போனான். அவன் போட்டால்தான் ஆட்டம் நீளும், விட்டால் கோப்பை மதுரைக்குப் போய்விடும். அப்பா குரல் கொடுத்தார். திரும்பினோம். கம்பம் பஸ் ஒன்று போனது. பந்தை உதைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் எங்கள் பையன்களின் சத்தம் வரவில்லை, மதுரைக்காரர்களின் சத்தம்தான் வந்தது. திரும்பிப் பார்த்தால் தம்பி முழங்காலில் கிடந்தான். தெற்கு போஸ்ட்டுக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்காலில் பந்து மிதந்து போய்க்கொண்டிருந்தது.

அவ்வளவுதான் நாங்கள் பார்த்தது. ஆனால் அன்று சாயங்காலமே கதை முழுசாகிவிட்டது. கோப்பைக்கான அடியைத் தென்னை உயரத்துக்குத் தூக்கி வாய்க்காலில் போட்டுவிட்டான் என்றார்கள். வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடியதால் பந்தைத் துரத்திக்கொண்டு மடை வரைக்கும் ஆள் ஓட வேண்டியிருந்தது. அது கதைக்கு இன்னும் சுவை சேர்த்தது. கீப்பர் விரல் பட்டுத்தான் மேலே போனது என்று தம்பி சொன்னான். தோற்றவன் அப்படித்தான் சொல்வான் என்று சிரித்தார்கள். எங்கள் அணிப் பையன்கள் நடுக்கோட்டில் தோளோடு தோள் சேர்த்துத் தலையைக் குனிந்து நின்றவர்கள், அவர்களுக்கும் தெரியவில்லை. மதுரைக்காரர் ஒருவர் எடுத்த வீடியோ சுற்றியது. அதில் புழுதிக்குள் பந்து ஒரு புள்ளியாகத் தெரிந்தது. தம்பிக்கு வாய்க்கால் என்று பேர் வைத்தார்கள். படிப்பை முடித்து அவன் வேலைக்குச் சேர்ந்த பைக் சர்வீஸ் சென்டர் வரைக்கும் அந்தப் பேர் போய்ச் சேர்ந்தது. அவன் மைதானத்துப் பக்கம் போவதை விட்டான். ஜூனியர் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்க வரச் சொல்லி உடற்கல்வி ஆசிரியர் இரண்டு தடவை கூப்பிட்டார். பார்க்கலாம் சார் என்று சொல்லி நழுவிவிட்டான். விடிந்தால் பந்தோடுதான் எழுந்திருப்பான் என்று இருந்த பிள்ளை, அப்படி இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

தொடர் வரப்போகிறது என்றதும் நான் ஒரு வேலை செய்தேன். அன்று கேலரியில் இருந்தவர்களிடம் ஒவ்வொருவராக, அந்தப் பந்து எப்படிப் போனது என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. முதுகைக் காட்டி நின்ற அத்தனை பேரும் பார்த்ததுபோல் சொன்னார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் பந்து இடது மூலையில் போனது என்றார். வருசநாட்டு அண்ணன் வலது மூலைக்கு மேலே, கம்பிக்கு ஒரு முழம் உயரத்தில், சுழன்றுகொண்டே போனது என்று கையால் சுழற்றியே காட்டினார்.

"அண்ணே, நீங்க அன்னைக்கு எனக்குப் பக்கத்துலதான ரோட்டப் பாத்து நின்னீக?" என்று கேட்டேன்.

"ஆமா."

"அப்பறம் எப்படி?"

"அதான் எல்லாரும் சொல்றாகளே" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கேட்டுக் கேட்டு அவருக்குக் கண்ணில் பார்த்ததாகவே ஆகிவிட்டது.

அப்பாவிடம் மட்டும் வேறு மாதிரி பதில் வந்தது. என்னைக் கேட்டால் எனக்கென்ன தெரியும், நான்தான் திரும்பி நின்றேனே என்றார். மற்றவர்களெல்லாம் அளக்கும்போது இவராவது உள்ளதைச் சொல்கிறாரே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கடைசிப் பாகம் வந்த ஞாயிறு கடையில் மூட்டை கொள்ளாத கூட்டம். வெளியே நின்று ஷட்டருக்கு அடியில் குனிந்து பார்த்தவர்களும் உண்டு. தம்பியைக் கூப்பிட்டேன், வண்டி கழுவ வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டான். இன்றைக்கு அவன் சொன்னது உண்மையா இல்லையா என்று தெரிந்துவிடும். அவன் பொய் சொல்லியிருந்தால் அது ஊருக்கே தெரிந்துவிடுமே என்று எனக்குப் பயம் இருந்தது.

ஆட்டம் ஓடியது. டைபிரேக்கர் வந்தது. தம்பி நடுக்கோட்டிலிருந்து பந்தை நோக்கி நடந்தான். கேமரா அவன் முகத்தை மட்டும் காட்டியது. பந்தை வைத்தான். நிமிர்ந்து ஒரு தடவை கேலரிப் பக்கம் பார்த்தான். அப்படியே நிறுத்தி, எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து அவன் பேசியதைப் போட்டார்கள். அதை அவன் எப்போது பேசினான் என்று எனக்கே தெரியாது.

"அடிக்கிறதுக்கு முன்னாடி நிமிந்து பாத்தேன். நம்ம ஆளுக அம்புட்டுப் பேரும் முதுகத்தான் காட்டிட்டு நின்னாக. ஏன்னு எனக்குத் தெரியும். நானும் சின்னப் புள்ளையிலருந்து அப்படி நின்னவன்தான். இருந்தாலும் அங்கன நின்னு பாக்கும்போதுதான் தெரியுது, நமக்குன்னு ஒரு மூஞ்சிகூட இல்லையேன்னு இருந்துச்சு."

அவன் பேசியதற்குக் கீழே எழுத்துப் போட்டிருந்தார்கள். அன்று யாரும் அதைக் கிண்டல் செய்யவில்லை. நான் அவனுக்கு அக்கா, நானும் அந்த முதுகுகளில் ஒருத்தி.

அதற்கப்புறம் படம் எடுத்தவளின் குரல் வந்தது. தங்களிடம் இருந்தது இரண்டே கேமரா, ஒன்று அவன் முகத்தில், இன்னொன்று ரசிகர்கள் மேல், பந்தோடு போவதற்கு மூன்றாவது கேமரா இல்லை என்றது அந்தக் குரல். கடைக்குள் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. இவ்வளவு காத்திருந்தும் பந்தைக் காட்டப்போவதில்லை. திரையில் கேலரி வந்தது. மைதானத்திலிருந்து எடுத்தது. வரிசை வரிசையாக முதுகுகள். கோடு போட்ட சட்டை, காலேஜ் பனியன், என் பச்சைச் சுடிதார். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒருவர் மெல்லத் திரும்பினார். இந்தப் பக்கம் முகத்தைக் காட்டி நின்றார்.

அப்பா.

உதைக்கிற சத்தம் கேட்டது. அப்பாவின் முகம் பந்தோடு மேலே போனது. வாய் திறந்தது. இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். அடுத்த நொடி, மதுரைக்காரர்களின் சத்தம் வருவதற்குள், மறுபடி எங்களைப்போல் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெண் அதை வெட்டாமல் முழுசாக விட்டிருந்தாள். அது யார் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடையில் அத்தனை தலையும் கல்லாப் பக்கம் திரும்பியது. அப்பா கல்லாவில்தான் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, நீகளா பாத்தீக?" என்றார் வருசநாட்டு அண்ணன். அவர் குரலில் கோபம் இல்லை, நம்ப முடியாமல்தான் கேட்டார். பின்னாலிருந்து யாரோ, அதான் தோத்தோம் என்று முணுமுணுத்தார்கள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. முணுமுணுத்தவர் பக்கம் நான் எழுவதற்குள் அப்பா பேசிவிட்டார்.

"பாத்தேன். கீப்பர் வெரல் பட்டுச்சு. படலன்னா அது கோலுதான். அந்தப் பய சொன்னது நெசம்."

ஜெராக்ஸ் கடைக்காரர் ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினார். இந்தத் தடவை எல்லோரும் அப்பாவின் முகத்தைப் பார்த்தோம். அவருடைய கண் நேராக வந்து, ஒரு இடத்தில் சட்டென்று மேலே திரும்பியது. மறுபடியும் ஓட்டினார். வருசநாட்டு அண்ணன் மூட்டையிலிருந்து இறங்கி டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். பிறகு, அவன் அப்படி நினைத்திருப்பான் என்று நமக்குத் தோன்றவே இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்றைக்குக் கூட்டம் சீக்கிரமே கலைந்தது.

எனக்கு அப்பாமேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் இத்தனை நாள் அந்தப் பேரைச் சுமந்திருக்க வேண்டாம். ஷட்டரை இழுத்துப் பூட்டும்போது அதைக் கேட்டேவிட்டேன். பார்த்தேன் என்று சொன்னால் தோல்வி தன் தலையில் விழுந்திருக்கும், இந்தச் சட்டத்தைப் போட்டதே தான்தானே என்றார். அவன் சின்ன வயசுக்காரன், நாலு நாளில் மறந்துவிடுவார்கள், அவனும் மறந்துவிடுவான் என்று நினைத்தாராம். பூட்டு சரியாக விழவில்லை. நான் வாங்கிப் பூட்டினேன்.

வீட்டு வாசலில் தம்பி வண்டி கழுவிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் குழாயை மூடினான். முகத்தைப் பார்த்தால் அதற்குள் யாரோ போன் பண்ணியிருந்தார்கள் என்று தெரிந்தது. அப்பா எப்படி ஆரம்பிக்கப் போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் ஆரம்பிக்கவில்லை. அவன்தான் கேட்டான்.

"எப்பத் திரும்புனீக?"

பந்தைப் பற்றிக் கேட்பான் என்று நினைத்தேன். அவன் அதைக் கேட்கவே இல்லை.

"நீ நிமிந்து பாத்துட்டுக் குனிஞ்சிருப்ப போல, அதுக்கப்பறம்" என்றார் அப்பா. "மத்தவுக பிள்ளைகளுக்கெல்லாம் திரும்பி நிக்க முடிஞ்சுச்சுடா. நீ போறப்ப முடியல."

தம்பி வண்டியின் சீட்டைத் துணியால் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான்.

"அத அன்னைக்கே எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லப்பா" என்றான். அழுகிற குரல் இல்லை. ஆனால் அப்பா அதற்குப் பிறகு உள்ளே போகாமல் அவனுக்குப் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே போய் மூன்று பேருக்கும் காபி போட்டேன். மன்னித்தானா என்று எனக்குத் தெரியாது. காபியை வாங்கிக் குடித்தான்.

புதுப் பருவத்தின் முதல் போட்டிக்கு நான் கொஞ்சம் தாமதமாகத்தான் போனேன். தம்பி தெற்கு போஸ்ட்டுக்குப் பக்கத்தில் ஜூனியர் பையன்களோடு நின்றுகொண்டிருந்தான். வருவதாக என்னிடம் சொல்லவே இல்லை. கேலரியிலிருந்து ஒருவர் வாய்க்கால் என்று பழக்கத்தில் கூப்பிட்டுவிட்டு, பக்கத்திலிருந்தவர் முறைத்ததும் பேச்சை மாற்றினார்.

ஆட்டம் சமமாகி டைபிரேக்கருக்கு வந்தது. எங்கள் பக்கம் முதல் அடிக்கு முதல் வருடப் பையன் ஒருவன் நடந்து போனான். பழக்கத்தில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். எழுந்தவர்கள் அப்பாவின் குரலுக்காகக் காத்து நின்றார்கள். அப்பா வாயைத் திறக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு மைதானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வருசநாட்டு அண்ணன் பாதி திரும்பியவர், அப்பாவைப் பார்த்துவிட்டுத் தானும் உட்கார்ந்தார். அப்புறம் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பயம் விடாத சிலர் மட்டும் சாலையைப் பார்த்து நின்றார்கள். கம்பம் பஸ்ஸில் போனவர்களுக்கு அன்று மிரள அதிகம் முகங்கள் இல்லை.

பையன் பந்தை வைத்தான். நிமிர்ந்து எங்களைப் பார்த்தான். இத்தனை முகங்களை எதிர்பார்க்கவில்லை போல, கொஞ்சம் தடுமாறினான். பிறகு ஓடிவந்து உதைத்தான். பந்து யார் விரலிலும் படாமல் கம்பிக்கு மேலே போய் நேராக வாய்க்காலில் விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. எங்கே போனது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பையன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். தம்பி அவனிடம் போய் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். பிறகு பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பந்தை எடுக்க வாய்க்காலில் இறங்கினான்.